லென்ஸ் உடையவில்லை, உள்ளே கழன்றது: காந்த லென்ஸ் காகிள்ஸ் பற்றிய புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், சென்னை. பெயர், முகவரி, ஆர்டர் எண் எல்லாம் இணைத்துள்ள பில் நகலில் இருக்கின்றன.

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: ஸ்குவாஷ் ஆட ஏற்றது என்று விற்கப்படும் காந்த லென்ஸ் ஸ்போர்ட்ஸ் காகிள்ஸின் வடிவமைப்புக் குறை பற்றி.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் இணையக் கடையில் 3,499 ரூபாய் கொடுத்து என் மகளுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் காகிள்ஸ் வாங்கினேன். அதில் அவளுக்கு அடிபட்டது. சாட்டில் உங்கள் ஆட்களிடம் சொன்னேன். வந்த பதில் இது: லென்ஸ் உடையவில்லை, அதனால் தயாரிப்புக் குறை எதுவும் இல்லை, ரிட்டர்ன் காலமும் முடிந்துவிட்டது, இருந்தாலும் நல்லெண்ண அடிப்படையில் மாற்று லென்ஸ் ஒன்றும், அடுத்த முறை வாங்கும்போது 15 சதவீதத் தள்ளுபடிக்கு ஒரு கூப்பனும் தருகிறோம்.

லென்ஸ் உடையவில்லை என்பது உண்மைதான். ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாகக் கழன்று என் மகளின் கண்ணை நோக்கி வந்தது. அதைத்தான் நான் புகாராகச் சொல்கிறேன்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. சனிக்கிழமை காலைப் பயிற்சியில், கூட ஆடிய பெண் பின்சுவரை ஒட்டி வந்த பந்தை எடுத்து அடித்தாள். பந்து முன்சுவருக்குப் போகாமல் பக்கத்தில் நின்ற இவள் முகத்துக்கு வந்தது. ஸ்குவாஷில் இதெல்லாம் சகஜம். 9.75 மீட்டர் நீளமும் 6.4 மீட்டர் அகலமும் உள்ள ஒரு அறைக்குள் இரண்டு பேர் மட்டையோடு ஓடும் ஆட்டம் அது. அந்தப் பெண்ணையோ பயிற்சியாளரையோ குறை சொல்ல ஒன்றுமில்லை. பந்து இடது லென்ஸின் மேல்பாதியில் பட்டது. லென்ஸ் உள்பக்கமாகக் கழன்று, அதன் மேல் விளிம்பு புருவத்துக்குக் கீழே வெட்டிவிட்டது. இரண்டு தையல். கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுக் கண்ணை விரியவைத்து விழித்திரை வரை பார்த்தார். உள்ளே ரத்தக்கசிவு இல்லை, விழித்திரை கிழியவில்லை. ஆனாலும் அடிபட்ட கண்ணில் பல வருடம் கழித்துக்கூட ப்ரெஷர் ஏறலாம், அதனால் வருடம் தவறாமல் வந்து காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவன். ஃபிரேமின் அளவுக்கு லென்ஸை வெட்டி, விளிம்பைத் தீட்டி, பொருத்திக் கொடுப்பது என் தொழில். அந்தக் காகிள்ஸைக் கடைக்குக் கொண்டுபோய் வேலை மேசை விளக்கில் வைத்துப் பார்த்தேன். முழு ஃபிரேம் என்றால் லென்ஸ் உட்கார உள்சுற்றில் ஒரு குரூவ், அதாவது சின்னப் பள்ளம், இருக்கும். இருநூறு ரூபாய் ஃபிரேமில்கூட இருக்கும். உங்களுடையதில் அது இல்லை. முன்னாலிருந்து பார்த்தால் லென்ஸும் ஃபிரேமும் ஒரே வழவழப்பாகத் தெரிய வேண்டும் என்று லென்ஸை உள்பக்கத்திலிருந்து வைத்து ஒட்டும்படி செய்திருக்கிறீர்கள். பிடித்துக்கொள்ள ஒரு கண்ணுக்கு நான்கு காந்தம், ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவு. வெளியிலிருந்து வரும் அடியைத் தாங்க அந்த நான்கு காந்தங்களைத் தவிர வேறெதுவும் இல்லை. சேதமடையாத வலது லென்ஸை முன்பக்கத்திலிருந்து கட்டைவிரலால் அழுத்தினேன். டக்கென்று உள்ளே விழுந்தது. நடுவில் அதன் தடிமன் 1.4 மி.மீ. எங்கள் கடையில் ஸ்போர்ட்ஸ் ஃபிரேமுக்கு 2 மி.மீட்டருக்குக் குறைவாக நாங்கள் வெட்டுவதில்லை.

விளையாட்டுக்கென்றே செய்த ஃபிரேம்களை நான் நிறையக் கையாண்டிருக்கிறேன். அவற்றில் குரூவின் பின்பக்க விளிம்பு முன்பக்கத்தைவிட உயரமாக, கனமாக இருக்கும். அடி ரொம்பப் பலமாக விழுந்து லென்ஸ் கழன்றாலும் அது வெளியேதான் விழும், கண் பக்கம் வராது. பார்க்க ஒரு சின்ன விஷயம். ஆனால் அந்த ஃபிரேமின் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. நீங்கள் ‘அடுத்த தலைமுறை வடிவமைப்பு’ என்று விளம்பரம் செய்வது அதையே தலைகீழாகத் திருப்பியிருக்கிறது.

லென்ஸ் செய்த பாலிகார்பனேட் பிளாஸ்டிக் பற்றி உங்கள் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அது நல்ல பொருள்தான். 1953-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனமும் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். கண்ணாடியும் பழைய பிளாஸ்டிக் லென்ஸும் சில்லு சில்லாக உடையும் இடத்தில் இது வளைந்து கொடுக்கும். ஆனால் பொருள் மட்டும் நன்றாக இருந்தால் போதாது. எதில், எந்தப் பக்கம், எப்படிப் பொருத்தியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கண் தப்பிக்கிறது.

இது புதிதாகத் தெரிய வேண்டிய சங்கதியும் இல்லை. 1970களில் ஸ்குவாஷும், அதைப் போலவே சுவரில் அடித்து ஆடும் ராக்கெட்பாலும் ஆடியவர்கள் போட்டுக்கொண்ட பல கண் கவசங்களில் லென்ஸே கிடையாது. கண்ணைச் சுற்றி ஒரு சட்டம், நடுவில் ஒரு இடைவெளி, அவ்வளவுதான். இடைவெளி பந்தைவிடச் சிறியது, பந்து எப்படி நுழையும் என்பது கணக்கு. ரப்பர் பந்து வேகமாக மோதும்போது நசுங்கி, அந்தச் சந்து வழியே பிதுங்கிக் கண்ணில் பட்டது. கவசம் போட்டுக்கொண்டே கண்ணில் அடிபட்டு வந்தவர்களைப் பற்றி டொரொண்டோவின் கண் மருத்துவர் மைக்கேல் ஈஸ்டர்புரூக் போன்றவர்கள் தொடர்ந்து எழுதினார்கள். அதற்கப்புறம்தான் அந்த வகைக் கவசம் ஒதுக்கப்பட்டது. ‘மறைத்தால் போதும்’ என்ற நினைப்பு அன்றைக்கே தோற்றுவிட்டது.

காந்த லென்ஸ் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். பனிச்சறுக்கு காகிள்ஸில் அது உண்மையிலேயே பயன்படும். மலையில் வெயில் அடிக்கும், திடீரென்று மேகம் மூடும். கையுறையைக் கழற்றாமல் கறுப்பு லென்ஸை எடுத்துவிட்டு வெளிர் லென்ஸைப் போட வேண்டியிருக்கும். அந்த காகிள்ஸ் நெற்றியிலும் கன்னத்திலும் நுரைப்பட்டையோடு அகலமாக உட்காரும். கண்ணுக்கு நேரே 40 மி.மீ. ரப்பர் பந்து பாய்ந்து வரும் என்று நினைத்து அதைச் செய்யவில்லை. நான்கு சுவருக்குள், காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே டியூப்லைட் வெளிச்சத்தில் ஆடும் ஸ்குவாஷ் கோர்ட்டில் எதற்கு லென்ஸை மாற்ற வேண்டும்? உங்கள் வடிவமைப்பாளர் ஒருமுறையாவது கோர்ட்டுக்குள் நின்று பார்த்திருப்பாரா என்று சந்தேகமாக இருக்கிறது.

காற்றுத் துளைகள் விஷயத்தில் உங்கள் எண்ணத்தை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். சென்னைப் புழுக்கத்தில் காகிள்ஸுக்குள் ஆவி படிவது பெரிய தொல்லை. பிள்ளைகள் ஆட்டத்தின் நடுவே அதை நெற்றிக்கு ஏற்றிவிடுவதற்கு முக்கியக் காரணமே அதுதான். நெற்றியில் இருக்கும் காகிள்ஸ் யாரையும் காப்பாற்றாது. ஆவி படியாமல் இருக்கப் பூசும் பூச்சு தண்ணீரைத் துளியாக நிற்கவிடாமல் மெல்லிய படலமாகப் பரப்பிவிடும். பனியன் நுனியால் நாலு முறை துடைத்தால் பூச்சு போய்விடும். பிள்ளைகள் பனியனால்தான் துடைப்பார்கள். அதனால் காற்றோட்டம் அவசியம்தான். ஆனால் நல்ல காகிள்ஸில் துளை நேராகத் திறந்திருக்காது. மேலும் கீழும் சிறிய சிறிய வழிகளாக, வளைந்து போகும்படி விட்டிருப்பார்கள். உங்கள் மாடலில் நெற்றிப்பொட்டுப் பக்கம் நீளமான சந்து, என் சுண்டுவிரல் நுழையும் அகலத்துக்கு. ஸ்குவாஷ் மட்டையின் நுனி பக்கவாட்டிலிருந்தும் வரும் என்று யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

பவர் உள்ளவர்களுக்கென்று தனியாக ஒரு ‘உள் ஃபிரேம்’ விற்கிறீர்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது வெளி லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் மாட்டும் மெல்லிய கம்பிச் சட்டம். என் மகளுக்குப் பவர் இல்லாதது நல்லதாயிற்று. வெளி லென்ஸ் உள்ளே வந்து அந்தக் கம்பியையும் சேர்த்துத் தள்ளியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். பவர் வேண்டுமென்றால் தாங்கும் தடிமனில் பாலிகார்பனேட்டிலோ, ட்ரைவெக்ஸ் என்ற இன்னொரு வலுவான லென்ஸ் பிளாஸ்டிக்கிலோ பவரை வெட்டி, விளையாட்டு ஃபிரேமிலேயே நேராகப் பொருத்த வேண்டும். அதுதான் முறை.

இப்போது தரச்சான்று. ‘சர்வதேசத் தரச்சான்று பெற்றது’ என்று உங்கள் பக்கம் சொல்கிறது. எந்தத் தரம் என்று அங்கே இல்லை. ஃபிரேமின் காதுக்கம்பி உள்பக்கம் ‘இசட் 87’ என்று பொறித்திருக்கிறது. அது அமெரிக்கத் தொழிற்கூடங்களுக்கான தரம். லேத், கிரைண்டர் பக்கத்தில் நிற்பவர்களுக்கானது. அதிலும் அதிவேக மோதலைத் தாங்கும் என்று சோதித்த கண்ணாடியில் 87-க்குப் பிறகு கூட்டல் குறி இருக்க வேண்டும். உங்களுடையதில் அந்தக் குறி இல்லை. அதாவது நீங்கள் காட்டும் சான்றின்படியே இது மோதலுக்கு மதிப்பிடப்பட்ட பொருள் அல்ல.

கூட்டல் குறி இருந்திருந்தாலும் ஸ்குவாஷுக்கு அது போதாது. அந்தச் சோதனையில் சுடுவது சுமார் 6 மி.மீ. எஃகுக் குண்டு, எடை ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல், வேகம் நொடிக்குச் சுமார் 46 மீட்டர். ஸ்குவாஷ் பந்து 24 கிராம். அது நொடிக்கு 40 மீட்டரில் வந்தாலே மோதலின் ஆற்றல் அந்தக் குண்டைவிடப் பதினேழு பதினெட்டு மடங்கு ஆகிறது. பெரிய ஆட்டக்காரர்கள் அடிக்கும் பந்து இதைவிட வேகம். ஆஸ்திரேலியாவின் கேமரன் பில்லி 2014-இல் அடித்த ஒரு பந்தை மணிக்கு 281 கிலோமீட்டர் என்று அளந்திருக்கிறார்கள். பந்தின் குறுக்களவோ ஏறக்குறைய கண்குழியின் வாய் அளவு. கால்பந்து வந்தால் நெற்றி எலும்பும் கன்ன எலும்பும் அடியில் பாதியை வாங்கிக்கொள்ளும். இந்தப் பந்து நேராகக் குழிக்குள்ளேயே போய் உட்காரும்.

இதற்கென்றே தரங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் எஃப் 803, பின்னாளில் மட்டை ஆட்டங்களுக்கென்றே வந்த எஃப் 3164. பிரிட்டனில் 1998-இல் வந்த பிஎஸ் 7930-1. சர்வதேச அளவில் 2021-இல் வந்த ஐஎஸ்ஓ 18527-2. மனிதத் தலை வடிவத்தில் காகிள்ஸை மாட்டி, ஆட்டத்தின் பந்தையே சுட்டு, லென்ஸோ ஃபிரேமோ கண்ணைத் தொடுகிறதா என்று பார்ப்பதுதான் இந்த வகைச் சோதனையின் அடிப்படை. லென்ஸ் உடைந்ததா என்ற ஒரு கேள்வியோடு அது முடிவதில்லை. உலக ஸ்குவாஷ் கூட்டமைப்பு தன் போட்டிகளில் ஜூனியர்களுக்கும் இரட்டையர் ஆட்டத்துக்கும் கண் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்திய ஸ்குவாஷ் அகாடமி இருக்கும் ஊர் இது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் வருகிறது என்றதும் புதிதாக எத்தனையோ பிள்ளைகள் மட்டை எடுக்கிறார்கள். அவர்களின் பெற்றோர் லென்ஸ் வெட்டுகிறவர்கள் இல்லை. ‘ஸ்குவாஷ்’ என்று நீங்கள் எழுதியிருந்தால் நம்பித்தான் வாங்குவார்கள்.

உங்கள் விளம்பரத்தில் ‘மைதானத்தில் ஸ்டைல்’ என்று ஒரு வரி இருக்கிறது. டச்சுக் கால்பந்து வீரர் எட்கர் டேவிட்ஸ் காகிள்ஸோடு ஆடியதை எல்லாரும் ஸ்டைல் என்றுதான் நினைத்தார்கள். அவருக்குக் கிளாக்கோமா என்ற கண் நோய், அறுவைச் சிகிச்சை ஆனபிறகு போட்டுக்கொண்டது அது. சரி, அது போகட்டும்.

நான் கேட்பது என்னவென்றால், இந்த மாடலை எந்தப் பந்தால், எந்த வேகத்தில், எந்த அளவுத் தலை வடிவத்தில் சோதித்தீர்கள் என்ற ஆய்வக அறிக்கையை எனக்கு அனுப்புங்கள். ‘இளையோர் அளவு’ என்று விற்பதால் இளையோர் தலை வடிவத்தில் சோதித்த அறிக்கை வேண்டும். அப்படி ஒன்று இல்லையென்றால் ஸ்குவாஷ், பேட்மிண்டன் ஆகிய சொற்களை விற்பனைப் பக்கத்திலிருந்தும் பெட்டியிலிருந்தும் எடுத்துவிட்டு, ஏற்கெனவே வாங்கியவர்கள் எல்லாருக்கும் ‘மட்டை ஆட்டங்களுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம்’ என்று மெசேஜ் அனுப்பி, பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எனக்கு 3,499 ரூபாயும் மருத்துவச் செலவும் வர வேண்டும். பில்களை இணைத்திருக்கிறேன். மாற்று லென்ஸ் வேண்டாம். கூப்பனும் வேண்டாம்.

தயாரிப்புக் குறை இல்லை என்று இனியும் சொல்வீர்களானால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 84-ஆம் பிரிவைப் பாருங்கள். தயாரிப்பில் குறை என்பது ஒன்று, வடிவமைப்பில் குறை என்பது இன்னொன்று. இரண்டுக்கும் தயாரிப்பாளர் பொறுப்பு என்று தனித்தனியாகவே எழுதியிருக்கிறது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

காகிள்ஸைக் கூரியரில் திருப்பி அனுப்பச் சொல்லி உங்கள் ஆட்கள் கேட்டார்கள். அனுப்ப மாட்டேன், அதுதான் என்னிடம் உள்ள சாட்சி. உங்கள் தொழில்நுட்ப ஆள் யாரையாவது அனுப்புங்கள். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை பத்து முதல் ராத்திரி எட்டு வரை கடையில் இருப்பேன். வலது லென்ஸை முன்னாலிருந்து அவரே கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், மருத்துவச் சீட்டும் செலவு ரசீதுகளும், ஃபிரேமின் உள்பக்கப் படங்கள், சாட் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்.