அலை மிதவைக்கு அணைச் சோதனை போதாது

ஆசிரியருக்கு,

வணக்கம். கடல் அலையை அளக்கும் மலிவு விலை மிதவையைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டாகத் தாராளமாக எடுக்கலாம். முடுக்கமும் சுழற்சியும் காட்டும் சென்சார், மைக்ரோகன்ட்ரோலர், ஜிபிஎஸ், பேட்டரி, பிளாஸ்டிக் கூடு இருந்தால் போதும். கடைசல் வேலைக்கு ஓசூர் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் மிதக்கவிட்டுப் பார்த்ததோடு சோதனை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

அணையில் 20 செ.மீ. உயர அலை 2 நொடிக்கு ஒன்று வந்தால், மிதவை உணரும் முடுக்கம் கிட்டத்தட்ட 1 மீ/வி². எந்த சென்சாரும் இதைப் பிடித்துவிடும். கள்ளக்கடல் அப்படியல்ல. இந்தியப் பெருங்கடலின் தென்கோடிப் புயல்களில் பிறந்து, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறும் அலை அது. 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் பலியானது அத்தகைய சீற்றத்தின்போதுதான். 1 மீட்டர் உயரம், 16 நொடி இடைவெளி கொண்ட அலையின் முடுக்கம் வெறும் 0.077 மீ/வி². மிதவை 10 டிகிரி சாய்ந்தாலே, புவியீர்ப்பால் வரும் பிழை 0.15. அளக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு! சாய்வை ஜைரோ (சுழற்சியை உணரும் சென்சார்) கொண்டு திருத்தாவிட்டால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

முடுக்கத்தை இருமுறை தொகையிட்டால்தான் (integration) உயரம் வரும். அதில் 0.01 மீ/வி² நிலையான பிழை இருந்தால், 10 நிமிடத்தில் மிதவை 1,800 மீட்டர் மேலே போய்விட்டதாகக் கணக்கு காட்டும், ஏற்காட்டைவிட உயரம். இதற்குப் பயந்து 10 நொடிக்கு மேற்பட்ட அலைகளையெல்லாம் வடிகட்டினால் கள்ளக்கடலும் சேர்ந்தே போய்விடும். வடிகட்டும் எல்லையை 25 முதல் 30 நொடியில் வையுங்கள்.

சரியான சோதனைக் கருவி, மிதவையை மேலும் கீழுமாகச் சுற்றும் ராட்டினம். அரை மீட்டர் கை, அதன் நுனியில் எப்போதும் நிமிர்ந்தே தொங்கும் தொட்டி, கியர் மோட்டார். 16 நொடிக்கு ஒரு சுற்று என்று அரை மணி நேரம் ஓட்டி, பிறகு 8, 12, 20 நொடிகளிலும் பாருங்கள். தொட்டியை ஆட்டிவிட்டும் ஓட்ட வேண்டும். அலை உயரம் காண, நீர்மட்ட ஏற்ற இறக்கத்தின் நியம விலக்கத்தை (standard deviation) 4 ஆல் பெருக்கும் வழக்கமான சூத்திரம் இங்கே 1 மீட்டர் காட்டாது, 1.41 காட்டும். சீரான ஒற்றை அலைக்கு அதுதான் சரியான விடை, நிரலை மாற்றிவிடாதீர்கள்.

கூட்டை சிலிக்கோன் பசையை மட்டும் நம்பி மூடாதீர்கள். பகல் வெயிலில் உள்காற்று விரிந்து, இரவில் சுருங்கும்போது மெல்லிய இடுக்கு வழியாக நீரை உறிஞ்சும். ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கிரீஸ், உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை மூன்றும் வேண்டும். பேட்டரி அடியில் இருக்கட்டும். நங்கூரக் கயிற்றில் ரப்பர் துண்டு ஒன்றும் சேருங்கள். விறைப்பான கயிறு அலை முகட்டில் மிதவையைக் கீழே இழுத்து, உயரத்தைக் குறைத்துக் காட்டும்.

ராட்டினம் ஒன்றைச் செய்து வைத்தால் இரு மாவட்டக் கல்லூரிகளும் பகிர்ந்துகொள்ளலாம். ஏதாவது ஒரு பாலிடெக்னிக் பணிமனை இதற்கு முன்வர வேண்டுகிறோம்.

மின்னணுவியல் பயிற்றுநர்கள்,
கிருஷ்ணகிரி