விதை இறங்காத குழந்தை: 6 மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம். ஆண் குழந்தைக்கு விதை (விரை) கீழே விதைப்பைக்குள் இறங்கவில்லை என்றால், ‘வளர வளரத் தானா இறங்கிடும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பாதிதான் உண்மை. முதல் 6 மாதம் வரை வாய்ப்புண்டு. அப்புறம் அநேகமாக இறங்காது. (குறைமாதக் குழந்தை என்றால், பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து கணக்கிட வேண்டும்.) 6 மாதம் ஆனதுமே குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டினால் ஒன்றரை வயதுக்குள் சிகிச்சையை முடித்துவிடலாம். தள்ளிப்போட்டால் பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம், புற்றுநோய் அபாயமும் கூடும். பிறந்தவுடனே இரண்டு விதையும் தட்டுப்படவில்லை என்றால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. ஸ்கேன் எடுத்துவிட்டுப் போகலாம் என்று நாளைக் கடத்தவும் வேண்டாம்; நிபுணர் தொட்டுப் பார்ப்பதே முக்கியம். தடுப்பூசிக்கு வரும்போதே செவிலியர் இதையும் பார்த்து அட்டையில் குறித்துவிட்டால் என்ன?

– ஒரு வாசகி, கும்பகோணம்