மலரின் மேஜர் (கல்லூரியில் எடுக்கும் முதன்மைப் பாடம்) பற்றி மீனா அக்காவுக்கு

அன்புள்ள மீனா அக்கா,

மலர் சட்டம் படிக்கப் போகிறாள் என்று கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அடுத்த மூச்சிலேயே, “அத்தான் பொலிட்டிகல் சயின்ஸ் எடுக்கச் சொல்கிறார், இவள் ஃபிலாசஃபிதான் என்று நிற்கிறாள், நீயாவது சொல்லேன்” என்றீர்கள். நான் மலர் கட்சி. ஃபோனில் சொன்னால் அத்தான் காதுக்குப் பாதிதான் போய்ச் சேரும் என்பதால் எழுதிவிடுகிறேன். டாலஸில் இதே கேள்வியோடு இன்னும் சில பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டுமே என்று மலரிடம் கேட்டுக்கொண்டு பொதுவில் போடுகிறேன்.

நம் ஊரில் பிளஸ் டூ முடித்த கையோடு ஐந்து வருடச் சட்டப் படிப்பில் சேர்ந்துவிடலாம். அமெரிக்காவில் முதலில் ஏதாவது ஒரு பட்டம், அதற்கு மேல் மூன்று வருட ஜேடி என்ற சட்டப் பட்டம். அந்த ‘ஏதாவது’தான் அத்தானை உறுத்துகிறது. டாக்டராக விரும்பும் பிள்ளைகள் கெமிஸ்ட்ரி, பயாலஜி என்று ஒரு பட்டியலையே முடித்தாக வேண்டும். சட்டத்துக்கு அப்படி எதுவும் இல்லை. சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்கன் பார் அசோசியேஷனே எந்த மேஜரையும் பரிந்துரைப்பதில்லை. வழக்கறிஞராக இருந்த கமலா ஹாரிஸ் ஹோவர்ட் பல்கலையில் பொலிட்டிகல் சயின்ஸும் எகனாமிக்ஸும் படித்தவர், அத்தான் சந்தோஷப்படட்டும். ஆனால் உச்ச நீதிமன்ற நீதிபதி எலினா கேகன் படித்தது வரலாறு, இன்னொரு நீதிபதி ஏமி கோனி பேரட் படித்தது ஆங்கில இலக்கியம். 1973-ல் கருக்கலைப்பு உரிமை பற்றிய ரோ வழக்கின் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹாரி பிளாக்மன் ஹார்வர்டில் கணக்கு படித்தவர்.

சேர்க்கையில் முக்கியமாக எடை போடுவது ஜிபிஏவும் (கல்லூரிப் பாடங்களின் சராசரி மதிப்பெண்) சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட் மதிப்பெண்ணும்தான். ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் வருடா வருடம் 509 என்றொரு அறிக்கை வெளியிட வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் ஜிபிஏ, எல்சாட் இரண்டும் அதில் இருக்கும். என்ன மேஜர் என்று ஒரு கட்டம்கூட இருக்காது. பிடிக்காத பாடத்தை எடுத்து ஜிபிஏ 3.4 என்று குறைந்தால், அது கஷ்டமான பாடம் என்று அந்தத் தாளில் யாரும் குறிப்பு எழுதப் போவதில்லை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. கல்லூரி போடும் ஜிபிஏவை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எல்சாட்டை நடத்தும் எல்எஸ்ஏசி என்ற அமைப்பு எல்லா டிரான்ஸ்கிரிப்ட்டையும் (மதிப்பெண் பட்டியல்) வாங்கித் தானே புதிதாகக் கணக்குப் போடும். ஹைஸ்கூலில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் எடுத்த டூயல் கிரெடிட் (பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்காகும்) பாடங்களும் அதில் சேரும். போன வருடம் மலர் அப்படி ஒரு பாடத்தில் பி கிரேடு வாங்கினாள் என்று புலம்பினீர்களே, அதுவும்தான். ஒரு பி-யால் குடி முழுகாது. ஆனால் இப்போதே கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

எல்சாட்டில் சட்டம் துளியும் கிடையாது. கட்டம் போட்டு விடுவிக்கும் புதிர்ப் பகுதியையும் 2024 ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள். இப்போது மதிப்பெண் உள்ளவை தர்க்கம் இரண்டு பகுதி, வாசிப்பு ஒரு பகுதி. கேள்வி எப்படி இருக்கும் என்றால்: ‘ஊருக்குப் புது பஸ் விட்ட பிறகு கடைத்தெருவில் வியாபாரம் கூடியது, எனவே பஸ்தான் காரணம். இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது?’ பஸ் விடாத பக்கத்து ஊரிலும் அதே மாதம் அதே அளவு வியாபாரம் கூடியது என்று ஒரு விடை இருக்கும். அதைச் சட்டென்று பிடிக்க வேண்டும். ஃபிலாசஃபி வகுப்பில் நாள் முழுக்க நடப்பது இதுதான். ஐந்து பக்கக் கட்டுரை எழுதினால், ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று ஓரத்தில் கேட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். அப்படித் திருத்திய பேராசிரியர்தான் பிறகு சிபாரிசுக் கடிதத்தில் சொல்ல ஏதாவது வைத்திருப்பார். முந்நூறு பேர் வகுப்பில் ஏ வாங்கிய பெண்ணைப் பற்றி என்ன எழுத முடியும்?

சட்டத்தை முன்கூட்டியே படித்து வைப்பதாலும் பெரிய லாபமில்லை. ஒப்பந்தம், சொத்து, டார்ட்ஸ் (பிறருக்கு இழைத்த தீங்குக்கு நஷ்டஈடு) எல்லாமே முதல் வருடத்தில் அடியிலிருந்துதான் தொடங்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் மேஜர் கதவை அடைத்துவிடும்: பேட்டன்ட் (காப்புரிமை). கண்டுபிடிப்புகளுக்குப் பேட்டன்ட் அலுவலகத்தில் வாதாட அவர்களுடைய தனித் தேர்வு எழுத வேண்டும், அதற்கு அறிவியல் அல்லது இன்ஜினியரிங் பின்னணி வேண்டும். மலருக்கு அந்தப் பக்கம் ஆசை இருக்கிறதா என்று ஒரு தரம் கேளுங்கள். எனக்குத் தெரிந்து இல்லை.

“நடுவில் மனசு மாறி லா வேண்டாம் என்றால்?” என்ற அத்தானின் கவலை மட்டும் நியாயமானது. மாறுகிறவர்கள் நிறைய. அதற்கு மேஜரை மாற்ற வேண்டாம். ஸ்டாட்டிஸ்டிக்ஸிலோ எகனாமிக்ஸிலோ ஒரு மைனர் (துணைப் பாடம்) போதும்.

உண்மையில் நீங்கள் சண்டை போட வேண்டியது பணத்தைப் பற்றித்தான். பெரிய சட்டக் கல்லூரிகளில் ஃபீஸ் மட்டுமே வருடம் 70,000 டாலரைத் தாண்டிவிட்டது. 2025-ல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு மேல்படிப்புக்கான கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் கிடையாது. ஜேடி மாதிரிப் படிப்புகளுக்கு அரசுக் கடன் வருடம் 50,000, மொத்தம் 2,00,000 டாலர் வரைதான். மீதிக்குத் தனியார் கடன், இல்லாவிட்டால் உங்கள் சேமிப்பு. அதனால் முதல் பட்டத்துக்கான இந்த நாலு வருடத்தைக் கடனில்லாமல் முடிக்கப் பாருங்கள். டெக்சாஸ் மாநில அரசின் பல்கலை ஒன்றில் இடம் கிடைத்திருக்கும்போது பெயருக்காக பாஸ்டன் தனியார் கல்லூரிக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மலருக்கு இது பிடிக்காது, தெரியும்.

மே 1-க்குள் முடிவு சொல்ல வேண்டுமே. இரண்டு கல்லூரியும் அனுப்பிய உதவித்தொகைக் கடிதங்களை எனக்கு அனுப்புங்கள். ஞாயிறு சாயங்காலம் அத்தானையும் மலரையும் சேர்த்து ஃபோனில் உட்கார வையுங்கள், பேசிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் தங்கை