மூன்றாவது போட்டோவில் ஒரு பழுப்புக் கோடு

பட்டுக்கோட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீங்கள் வாங்கப் போகும் கோயம்புத்தூர் வீட்டை எடுத்து வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய பதினோரு போட்டோவையும் பார்த்தோம். வீடு எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்திருக்கிறது. உன் அம்மா சமையலறைப் படத்தையே நான்கு தடவை பெரிதாக்கிப் பார்த்து, மேடை உயரம் சரியாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். என் கண் மூன்றாவது போட்டோவிலேயே நின்றுவிட்டது. வாசல் நிலையின் இடது காலை ஒட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஏறுகிறது. பென்சில் பருமன்தான். அது பெயின்ட் அடித்தவர் விட்ட கறை என்று வீட்டுக்காரர் சொன்னதாக மாப்பிள்ளை சொன்னார். கறை கீழே வழியும், பாப்பா. மேலே ஏறாது. மண்ணால் கோடு கட்டிக்கொண்டு மேலே ஏறுவது கரையான்.

போனில் சொன்னால் "சரிப்பா, பார்க்கிறோம்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் கிரயம் என்கிறாய். அதற்குள் நீ படித்தாக வேண்டும்.

நம் வீட்டில் 2021 போகிக்கு நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை இப்போது சொல்கிறேன்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கொல்லையில் ஆறு தென்னை விழுந்தது நினைவிருக்கும். மரங்களை அறுத்து அப்புறப்படுத்தினோம். அடிக்கட்டையைத் தோண்ட ஆள் கிடைக்கவில்லை. ஊர் முழுக்க அதே வேலையாக இருந்த நேரம். பின்சுவரிலிருந்து நான்கு அடி தள்ளி இருந்த கட்டையை அப்படியே விட்டு, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன். மட்டை, பன்னாடை எல்லாம் விறகுக்கு ஆகும் என்று பின்சுவரில் சாய்த்து அடுக்கினேன். பந்தி விரித்து இலை போட்டு வைத்த மாதிரிதான்.

2020 ஐப்பசியில் ஒரு சாயங்காலம், தூறல் விட்டதும், கூடத்து டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்த்தது. உன் அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இது வெளியிலிருந்து வரலைங்க, மாடிப்படி அலமாரி நிலைக்குள்ளேயிருந்து வருது" என்றாள். நான் எழுந்துகூடப் பார்க்கவில்லை. "அந்தி ஈசல் பூத்தால் அடைமழைன்னு சும்மாவா சொன்னாங்க" என்று விளக்கை அணைத்தேன். காலையில் அவள் இறக்கைகளை மட்டும் ஒரு முறம் பெருக்கினாள். அன்று மழையும் கொட்டியது. பழமொழி பலித்துவிட்டதென்று எனக்குப் பெருமை வேறு. ஈசல் என்பது இறக்கை முளைத்த கரையான்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

போகிக்கு ஒட்டடை அடிக்கும்போது அந்த அலமாரியைத் திறந்தேன். கதவு இறுகியிருந்தது. இழுக்க நிலைக்காலில் கையை ஊன்றினேன். கட்டை விரல் உள்ளே போய்விட்டது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, உள்ளே மரமே இல்லை. காகிதக் கனத்துக்கு ஒரு தோல், அதன் பின்னால் ஈரமண். விரலை எடுத்ததும் வெள்ளையாக, அரிசிக் குருணை மாதிரி, ஓட்டையைச் சுற்றி ஓடின. கொஞ்ச நேரத்தில் அத்தனையும் இருட்டுக்குள் போய்விட்டன.

உள்ளே இருந்தவை உன் ஓவிய நோட்டுகள். நீ ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை வரைந்தது, மொத்தம் பதினான்கு. அட்டைகள் அப்படியே இருந்தன. தூக்கினால் கனம் இல்லை. விரித்தால் நடுவில் மண், ஓரத்தில் மட்டும் தாள். அந்தத் தீபாவளிக்கு வந்தபோது நீ கேட்டாய். எதிர்வீட்டுப் பிள்ளை வரைந்து பழகக் கேட்டது, கொடுத்துவிட்டேன் என்றேன். பொய். ஒரே ஒரு தாள் மிஞ்சியது. நம் தெருத் தேர் வரைந்திருப்பாயே, அதில் மேல்பாதி. என் பீரோவில் வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு நான் செய்ததும் சரியில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினேன். கண்ணுக்குத் தெரிந்தவை செத்தன, கூடு எங்கோ நிம்மதியாக இருந்தது. அப்புறம் குறைந்த பணத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டேன். முதுகில் டேங்க் மாட்டி, மண்கோடு தெரிந்த இடத்தில் எல்லாம் பீய்ச்சிவிட்டு முக்கால் மணி நேரத்தில் போய்விட்டார். நான்கு மாதத்தில் பூஜை அறைக் கதவில் கோடு ஏறியது. மூன்றாவதாக வந்தவர்தான் வேலை தெரிந்தவர். வந்ததும் மருந்தைத் திறக்கவில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் ஒவ்வொரு நிலையையும் தட்டிக்கொண்டே போனார். நல்ல மரம் 'டக்' என்கும். தின்ற மரம் தேங்காய் ஓடு மாதிரி கொப்பென்று சத்தம் தரும். வீட்டைச் சுற்றிவிட்டுக் கொல்லைக்குப் போய், மண்ணைக் கிளறி அந்தத் தென்னங்கட்டையைக் காட்டினார். ஈசல் விடும் அளவுக்குக் கூடு வளரச் சில வருடமாகுமாம். அதனால் கூடு புயலுக்கு முன்பே தோட்டத்தில் எங்கோ இருந்திருக்க வேண்டும், கட்டையும் விறகும்தான் அதைச் சுவர்வரைக்கும் அழைத்து வந்தன என்றார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் கிணற்றைப் பார்த்தேன்.

அவர் செய்ததைத் தெரிந்துகொள், நாளைக்கு உன் வீட்டுக்கு வருபவர் இதைச் செய்கிறாரா என்று பார்க்கலாம். தரையும் சுவரும் சேரும் மூலை ஓரமாக, ஓர் அடிக்கு ஒன்று வீதம் 12 மில்லிமீட்டர் துளை போட்டார். ஒவ்வொன்றிலும் மருந்துக் கரைசலை, மண் இனி குடிக்காது என்கிறவரை, அதிகபட்சம் ஒரு லிட்டர் விட்டார். பிறகு வெள்ளை சிமென்ட்டால் அடைத்தார். நிலைகளில் சின்னத் துளைகளைச் சாய்வாகப் போட்டுத் தனி மருந்து விட்டார். இதற்கெல்லாம் ஐ.எஸ். 6313 என்று இந்தியத் தர அளவே இருக்கிறது. கட்டும்போது என்ன செய்ய வேண்டும், கட்டிய வீட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தனித்தனிப் பாகமாகவே போட்டிருக்கிறார்கள். அவர் கொண்டுவந்தது இமிடாகுளோபிரிட் என்ற பூச்சி மருந்து. மருந்து இருப்பது கரையானுக்குத் தெரியாது. அது மண்ணில் நடந்து போகும், கூட்டத்தில் ஒன்றை ஒன்று நக்கும், ஒன்றுக்கொன்று ஊட்டும், அப்படியே விஷம் பரவும். கிணற்றுப் பக்கத்துச் சுவரில் மட்டும் துளை போட மறுத்துவிட்டார். குடிக்கிற தண்ணீர் சார், எவ்வளவு கொடுத்தாலும் அந்தப் பக்கம் மருந்து விடமாட்டேன் என்றார். அதிலேயே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. உங்கள் வீட்டில் சம்ப் போர்டிகோவுக்குக் கீழே இருக்கிறது என்றாய். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்து அடிக்கிற அன்று குட்டியை வீட்டுக்குள் விட வேண்டாம், தரை நன்றாகக் காய்ந்த பிறகு வரட்டும்.

இப்போது கோயம்புத்தூர் வீட்டுக்கு வருகிறேன். அந்தப் பழுப்புக் கோட்டில் நடுவில் இரண்டு அங்குலம் மட்டும் உடைத்துவிடு. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டே செய். உள்ளே வெள்ளைப் பூச்சி ஓடினால் கேள்வியே இல்லை. காலியாக இருந்தால் இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார். உடைத்த இடத்தை அடைத்திருந்தால் உள்ளே குடித்தனம் நடக்கிறது. அடைக்காவிட்டாலும் கரையான் இல்லை என்று ஆகிவிடாது, அவை வேறு வழியில் போயிருக்கலாம். பகலானாலும் டார்ச் எடுத்துக்கொள். குளியலறைக் கதவு நிலையின் அடிப்பாகம், சிங்க்குக்குக் கீழே குழாய் சுவருக்குள் போகும் இடம், மாடிப்படிக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குப் பின்னால், பரணில் உள்ள பலகை, இதையெல்லாம் பார்க்காமல் வராதே. ஈரம் எங்கேயோ அங்கேதான் முதலில் வரும். ஒரு சந்தேகம் உனக்கு வரலாம். மரத்துக்குக் கீழே மாவு மாதிரி உதிர்ந்து, மரத்தில் குண்டூசி ஓட்டை இருந்தால் அது உளு, வண்டு வேலை. மண் இருந்தால் கரையான். இரண்டுக்கும் மருந்து வேறு.

ஐந்தாவது போட்டோவில் ஜன்னலுக்குக் கீழே செடி வைத்திருக்கிறார்களே, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாத்தி மண் பேஸ்மட்டத்துக்கு மேலே ஏறி, சுவரையே தொடுகிறது. பேஸ்மட்டம் வெளியே தெரிந்தால், கரையான் ஏறும்போது அதன் மண்கோடு நம் கண்ணில் படும். மண்ணால் மூடிவிட்டால் நமக்குத் தெரியாமல் நேராக உள்ளே போய்விடும். தாத்தா வீட்டில் திண்ணைத் தூண் ஒவ்வொன்றும் ஒரு கல்லின் மேல் நிற்குமே, நீ அதில் ஏறி நின்று குதிப்பாய். அந்தக் கல் அழகுக்காக மட்டும் வைத்ததில்லை. மரம் மண்ணைத் தொடக் கூடாது, கரையான் ஏறினால் கல்லின் மேல் கோடு தெரிய வேண்டும். வீட்டை வாங்கினால் முதல் வேலையாக அந்தப் பாத்தியை ஒன்றரை அடி தள்ளிப் போடுங்கள்.

"கான்கிரீட் வீடுதானேப்பா" என்று மாப்பிள்ளை கேட்டார். கான்கிரீட்டை அது தின்னாது, உண்மை. அதில் ஒரு மயிரிழை விரிசல் கிடைத்தால் போதும், அந்தப் பக்கம் உள்ள மரத்துக்கு வழி கிடைத்துவிடும்.

வீட்டுக்காரர் கட்டும்போதே மண்ணுக்கு மருந்து அடித்தாகிவிட்டது என்கிறார் அல்லவா? பில் இருக்கிறதா என்று கேள். தரைக்குக் கான்கிரீட் போடும் முன் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல் விட வேண்டும். ஆயிரம் சதுர அடிக்கு ஏறக்குறைய 465 லிட்டர் ஆகும். கடைக்கால் பக்கங்களுக்கு விடுவது தனி. ஒரு ஆள் ஒரு கேனோடு வந்து தெளித்துவிட்டுப் போனார் என்றால், அது வாசல் தெளித்த கணக்குத்தான். அப்படியே ஒழுங்காகச் செய்திருந்தாலும் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. மண்ணில் மருந்து அத்தனை காலம் நிற்கும் என்று நம்பி இருக்காதே.

பத்து வருட கேரண்டி என்று யாராவது அட்டை நீட்டினால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படி. திரும்ப வந்தால் இலவசமாக மருந்து அடிப்பேன் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். தின்ற அலமாரிக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். மருந்தின் பெயரையும் அளவையும் பில்லில் எழுதி வாங்கு, டப்பாவை உன் எதிரில் உடைக்கச் சொல்.

அப்புறம் அந்த இன்டீரியர் விஷயம். கூடத்துச் சுவர் முழுக்கப் பலகை அடித்து டிவி வைப்பதாகப் படம் அனுப்பியிருந்தாய். எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம், உன் வீடு. ஆனால் சுவரையும் ஸ்கர்ட்டிங்கையும் மூடிவிட்டால், பின்னால் எது ஏறினாலும் உனக்குத் தெரியாது. பலகை அவசியம் என்றால் தரையிலிருந்து நான்கு அங்குலமாவது விட்டு அடிக்கச் சொல். பிளைவுட்டில் கரையான் அரிக்காது என்று அச்சடித்திருந்தாலும், அறுத்த ஓரங்களுக்கு மருந்து பூசச் சொல். புதிதாக நிலை போடுவதாக இருந்தால் நானே ஆசாரியோடு போய் மரம் பார்க்கிறேன். தேக்கு என்று பெயர் சொல்லிவிட்டால் போதாது. வைரம் பாய்ந்த பகுதியைக் கரையான் சுலபத்தில் தொடாது, ஓரத்து வெள்ளையைத் தின்றுவிடும். அந்த வெள்ளையைப் பெயின்டில் மறைத்து விற்பது மரக்கடையில் சகஜம். குளியலறைக்கு மரமே வேண்டாம்.

இத்தனையும் படித்துவிட்டு வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிடாதே. கரையான் வந்த வீடு தீட்டுப்பட்ட வீடு இல்லை. இந்தப் பக்கம் பாதி வீட்டில் ஒரு தடவையாவது வந்திருக்கும். தட்டிப் பார்த்து, எத்தனை நிலை மாற்ற வேண்டும், மருந்துக்கு எவ்வளவு என்று எழுதி, அதை விலையில் கழிக்கச் சொல்லலாம். வீட்டுக்காரர் மறுத்தால் அப்போது யோசிக்கலாம். பேசுவதை மாப்பிள்ளையிடம் விடாதே, அவர் சங்கோஜப்படுவார். நீ பேசு.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏறுகிறேன், சனி காலை வந்துவிடுவேன். ஸ்க்ரூ டிரைவர் நானே கொண்டு வருகிறேன், டார்ச்சுக்கு மட்டும் புது பேட்டரி வாங்கி வை. அம்மா வடகமும் இரண்டு லிட்டர் தேங்காய் எண்ணெயும் கட்டிக்கொண்டிருக்கிறாள். தேர்ப் படத்தையும் எடுத்து வருகிறேன். மேல்பாதிதான் இருக்கிறது, திட்டாதே.

அன்புடன்,
அப்பா