கேல்ஸ்பர்க்கில் உதவிய பெரியவருக்கு நன்றி

இல்லினாய் மாநிலம் கேல்ஸ்பர்க்கில், ஸ்டியர்மேன் என்ற பழைய ஈரடுக்கு இறக்கை விமானங்கள் கூடும் விழாவில் எனக்கு உதவிய ஐயாவுக்கு: பெயரைக் கேட்பதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டீர்கள்.

என் 1942ஆம் ஆண்டு ஸ்டியர்மேனுக்கு ஏழு சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த கான்டினென்டல் எஞ்சின். இரவு நின்றாலே எண்ணெய் கீழ்ச் சிலிண்டர்களில் வடிந்து தேங்கும். காலையில் தீப்பொறி தரும் மேக்னெட்டோவை அணைத்துவைத்து புரொப்பெல்லரைக் கையால் சுற்றினேன், தேங்கிய எண்ணெய் தடுத்ததால் பாதியில் நின்றது. பின்னோக்கிச் சுற்றச் சொன்னார்கள் சிலர். நீங்கள்தான் தடுத்தீர்கள். அப்படிச் சுற்றினால் எண்ணெய் காற்றுக் குழாய்க்குள் ஏறி, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் திரும்ப உள்ளே இழுக்கப்பட்டு பிஸ்டனோடு சேர்ந்த இணைப்புத் தண்டையே வளைத்துவிடும் என்றீர்கள். பிறகு மண்டியிட்டு, அடிச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கடைசிச் சொட்டுவரை பொறுமையாக வடியவிட்டீர்கள். சட்டையெல்லாம் எண்ணெய்! அந்தப் பொறுமைக்குத்தான் முதல் நன்றி.

மதியம் அருமையாகப் பறந்தேன். அடுத்த செப்டம்பரிலும் வருகிறேன். முன் இருக்கை உங்களுக்குத்தான், ஐயா.