தரங்கம்பாடிக்கு மறுபடியும் ரயில் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் நானும் என் மனைவியும் திருச்சியிலிருந்து தரங்கம்பாடிக்குப் போய் வந்தோம். எனக்கு எழுபது வயது ஆகிவிட்டது, திருக்கடையூரில் பீமரத சாந்தி செய்யலாம் என்று முடிவாயிற்று. பிள்ளைகள் மறுநாள் காலை நேரே கோயிலுக்கு வந்துவிடுவதாகச் சொன்னார்கள். நாங்கள் இருவரும் முதல்நாளே தரங்கம்பாடி போய்க் கடற்கரையில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்துவிட்டு அங்கிருந்து கோயிலுக்குப் போவது என்று ஏற்பாடு. பிள்ளைகள் கார் வைத்துத் தருகிறோம் என்றபோது வேண்டாம் என்றவள் என் மனைவிதான். "அன்னைக்கு மாதிரி ரயில்லயே போவோம்" என்றாள். ரயில் மயிலாடுதுறையோடு சரி என்பது அவளுக்கும் தெரியும்.

அன்னைக்கு என்றால் 1981, மாசி மாதம். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஊட்டி, கொடைக்கானல் போக வசதி இல்லை, கடல் பார்த்ததே இல்லை என்று அவள் சொன்னாள், மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) தரங்கம்பாடிக்கு ரயில் போகிறது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார், கிளம்பிவிட்டோம். மீட்டர்கேஜ் வண்டி, கரி இன்ஜின், மரப்பலகை இருக்கை. மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரிப் பையன்கள் திபுதிபுவென்று இறங்கினார்கள். செம்பனார்கோயில் தாண்டியதும் ஜன்னலில் தலையை நீட்டிய இவள் கண்ணில் கரித்தூள் விழுந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மீன் கூடைக்காரம்மா தன் முந்தானை நுனியைச் சுருட்டி வாயால் ஊதிச் சூடாக்கி, ஆக்கூர் வரும்வரை இவள் கண்ணில் ஒற்றிக்கொண்டே வந்தார். காலையில் தரங்கம்பாடி மீனை மாயவரத்துக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு ஊருக்குத் திரும்புகிறவர். பேர் கூடக் கேட்டுக்கொள்ளவில்லை என்று இவள் இன்றைக்கும் வருத்தப்படுவாள். அப்புறம் திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், கடைசியில் தரங்கம்பாடி. இறங்கியதுமே உப்புக் காற்று முகத்தில் அடித்தது.

இந்தப் பாதை 1926-ல் தொடங்கியது. மொத்தமே முப்பது கிலோமீட்டர்தான். எண்பதுகளின் நடுவில், நஷ்டம் என்று சொல்லி வண்டியை நிறுத்தினார்கள், பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள்.

இப்போது போன கதையைச் சொல்கிறேன். கோவையிலிருந்து வரும் ஜன் சதாப்தியில் திருச்சியில் ஏறி மயிலாடுதுறை வந்து சேர்ந்தது வரை ஒரு குறையும் இல்லை. நிலையத்துக்கு வெளியே வந்ததும் ஒரு வாடகைக் காரைக் கேட்டால் 1,200 ரூபாய் என்றார்கள். சரி, பஸ்ஸில் போவோம் என்றால் பேருந்து நிலையம் பக்கத்தில் இல்லை, அதற்கு ஓர் ஆட்டோ. பஸ் வந்தபோது நல்ல கூட்டம். இரண்டு முழங்காலிலும் தேய்மானம் உள்ள என் மனைவிக்கு அந்த முதல் படியில் காலைத் தூக்கி வைக்கவே முடியவில்லை, நான் கீழிருந்து தாங்க, மேலிருந்து ஒரு பெண் கையைப் பிடித்து இழுக்க, நடத்துநர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விசில் ஊத, ஏறினோம். செம்பனார்கோயில் வரை நின்றுகொண்டே வந்தாள். தரங்கம்பாடியில் மெயின் ரோட்டில் இறங்கி, கோட்டைப் பக்கம் போக இன்னோர் ஆட்டோ. நூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்ததற்கு எவ்வளவு நேரம் ஆயிற்றோ, கடைசி முப்பது கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆயிற்று.

எங்களுக்காக மட்டும் இதை எழுதவில்லை. மறுநாள் திருக்கடையூரில் பார்த்ததைத்தான் எழுத வேண்டும். மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த தலம் என்பதால் அறுபது, எழுபது, எண்பது ஆனவர்கள் ஆயுள் வேண்டி ஜோடி ஜோடியாக இந்த ஊரைத் தேடி வருகிறார்கள். வருஷம் முழுக்க அங்கே கல்யாணம்தான். எங்களுக்குப் பக்கத்தில் எண்பது ஆனவருக்குச் செய்கிற சதாபிஷேகம் ஒன்று நடந்தது. அந்தப் பெரியவரை வேனிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள் மகனும் பேரனும். ராத்திரி முழுக்க வேனில் உட்கார்ந்தே வந்ததில் கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தது, வேட்டிக்குக் கீழே பளபளவென்று தெரிந்தது. அந்த அம்மா கலச நீர் ஊற்றி நனைந்த புடவையோடு குனிந்து, தாலி கட்டிக்கொள்வதற்கு முன்னால் அவர் காலைத்தான் தடவிவிட்டார். அவர்கள் ரயிலில் படுத்து வந்திருக்கலாம். இரவு படுத்து, காலையில் மயிலாடுதுறையில் மாறி, முக்கால் மணி நேரத்தில் அம்பாள் ஊரில் இறங்கியிருக்கலாம். வயதானவர்களே தேடி வருகிற ஓர் ஊருக்கு, இருந்த ரயிலையும் எடுத்துவிட்டு நாற்பது ஆண்டாக அப்படியே விட்டுவைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கிழக்குக் கடற்கரையில் நால்வழிச் சாலை வந்துவிட்டதே, இனி ரயில் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சாலை கார் உள்ளவர்களுக்கு. பஸ்ஸில் ஏறத் தெம்பில்லாதவர்களுக்கும், அவசரத்துக்குக் கழிப்பறை வேண்டியவர்களுக்கும் ரயில்தான் வழி. நஷ்டம் என்பதும் அந்தக் காலத்துக் கணக்கு. அப்போது திருக்கடையூருக்கு இப்படிக் கூட்டம் வந்ததா? அன்றைக்கு நாங்கள் போன வண்டியில் அந்த நிலையத்தில் மாலையோடு இறங்கியது ஒரே ஒரு ஜோடி. இன்று கோயில் பிராகாரத்தில் ஜோடிகளுக்கு நடுவே கால் வைக்க இடமில்லை.

தரங்கம்பாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கியது இங்கேதான், தமிழில் புதிய ஏற்பாட்டை 1715-ல் அச்சிட்டு முடித்ததும் இங்கேதான். தமிழில் பத்திரிகை நடத்துகிற உங்களுக்கு இந்த ஊரின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, மீதியைக் கற்கள் கொட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அந்தக் கற்களுக்குப் பக்கத்தில்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். நல்ல வெயில், ஆனால் காற்று விடாமல் அடித்ததால் வெயில் தெரியவில்லை. ராஜ வீதியில் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள், சுற்றுலா வந்தவர்கள் என்று பார்த்தால் எங்களைத் தவிர நாலு பேர். இவ்வளவு அழகான ஊருக்கு இது போதுமா?

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. இதே பக்கத்தில் பேரளம் – காரைக்கால் பாதையும் எண்பதுகளில் மூடப்பட்டதுதான். அதை அகலப்பாதையாகப் போட்டு, 2025-ல் சோதனை ஓட்டமே நடத்திவிட்டார்கள். நாகூர் – காரைக்காலும் 2011-ல் வந்தது. மயிலாடுதுறை 2020-லேயே தனி மாவட்டமாகிவிட்டது, மாவட்டத் தலைநகரையும் கடற்கரையையும் இணைக்க முப்பது கிலோமீட்டர் பாதை பெரிய விஷயமா? பழைய பாதையின் மண்மேடு பொறையாருக்கு இந்தப் பக்கம் சில இடங்களில் கருவேல முள் மண்டி அப்படியே தெரிகிறது, பஸ் ஜன்னலில் இருந்து அவளுக்குக் காட்டினேன். அந்த இடமும் கைவிட்டுப் போவதற்குள் தெற்கு ரயில்வே அளந்து எல்லைக்கல் நட வேண்டும், இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வரும் பட்ஜெட்டுக்கு முன்பே இதைக் கேட்டுப் பணம் ஒதுக்க வைக்க வேண்டும். முழுப் பாதைக்கும் பணம் இல்லை என்றால் முதலில் திருக்கடையூர் வரையாவது போடட்டும்.

எனக்குச் சதாபிஷேகத்துக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறது. அன்றைக்கும் ரயிலில்தான் வருவேன் என்று இவள் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓர் அரசு ஊழியர்,
திருச்சி