சயானிலிருந்து அப்பா

அன்புள்ள முத்துவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் எடுத்ததும் மீட்டிங் என்கிறாய், ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங் என்கிறாய். கடிதம் என்றால் மீட்டிங் முடிந்தபின் சாவகாசமாகப் படித்துக்கொள்வாய்.

நீ பரணில் வைத்துவிட்டுப் போன அந்த டாட்ஜ் சார்ஜர் மாடல் கார் கிட் டப்பாவை இறக்கினேன். மழைக்குப் பரண் ஒழுகுகிறது, அதனால்தான். திறந்து பார்த்தால் பின்கண்ணாடிப் பள்ளத்தை மூட ஒரு ஓரத்தில் பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டி, அது கோணிக்கொண்டதும் அப்படியே மூடி வைத்திருக்கிறாய். ரெவெல் கிட் என்ன விலை என்று எனக்குத் தெரியும். அவ்வளவு ஆசையாக வாங்கியதை இப்படியா போட்டுவிட்டுப் போவது? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உன் அப்பன் இத்தனை வருஷமாக வேறு என்ன வேலை பார்க்கிறான்?

நீ சொன்னது எதையும் நான் மறக்கவில்லை. 1969 சார்ஜரில் பின் கண்ணாடி, கூரையிலிருந்து சரிந்து இறங்கும் இரண்டு தூணுக்கும் நடுவில் பள்ளமாக உள்ளே போயிருக்கும். பார்வைக்கு அழகு. ஆனால் ரேஸில் விரட்டும்போது அந்தப் பள்ளத்தில் காற்று சுழன்று வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கும். முன்னால் கிரில்லும் குழிவு, அங்கேயும் காற்று முட்டும். அதற்காகத்தான் டாட்ஜ்காரன் தன் இன்னொரு காரான கொரோனெட்டின் கிரில்லை முகத்தோடு சமமாக வைத்து, பின்பள்ளத்தையும் மூடி, கண்ணாடியைத் தூணுக்குச் சமமாகக் கொண்டுவந்து சார்ஜர் 500 என்று விட்டான். பள்ளத்தை அடைப்பதுதானே, நாங்கள் தினமும் செய்கிற டிங்கரிங் வேலைதானே என்று நான் சொன்னதும் நீ சிரித்தாய். அப்புறம் அதே வருஷம் மூக்கும் இறக்கையும் வைத்து டேடோனா வந்தது, 1970 மார்ச்சில் டல்லடேகா ரேஸ் டிராக்கில் மணிக்கு 200 மைல் வேகத்தைத் தாண்டியது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாய். அம்மா தோசைக் கரண்டியோடு நின்று கேட்டாள். அப்படி நீ பேசிக் கேட்டு நாளாகிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். நீ ஒட்டியதைப் பிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஃபெவிக்விக்கை அள்ளி ஊற்றியிருந்தாய். அது காய்ந்தால் கல், பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கோ மெது. தேய்க்கத் தேய்க்கப் பிளாஸ்டிக் குழியும், பசை மேடாகவே நிற்கும். புது ஷீட்டை வளைவுக்கு நீவி, ஓரத்தில் மட்டும் பிடிக்க வைத்து, மேலே என்.சி. பட்டியை, அதுதான் பெயின்டுக்கு முன்னால் பள்ளம் நிரப்பப் பூசுகிற பசையை, மெல்லிசாக இழுத்தேன். ஒரே தடவையில் தடிமனாகப் போட்டால் வெடித்துவிடும். ஒரு கோட் காய்ந்தபின் அடுத்தது. 400-ம் நம்பர் வாட்டர் பேப்பரைக் குச்சி ஐஸ் குச்சியில் சுற்றித்தான் தேய்க்கணும். விரலால் தேய்த்தால் அலை விழும். ஈரமாக இருக்கும்போதே டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார், அந்த வெளிச்சக் கோடு தூணிலிருந்து கூரைக்கு ஒடியாமல் ஓடணும். இப்போது ஓடுகிறது. ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். பையன் வேலை என்றுதான் சொன்னேன்.

500-க்கு டிக்கி மூடியும் குட்டை. மூடியின் பழைய விளிம்புக் கோட்டை அடைத்துவிட்டு, பிளேடின் முதுகால் புதுக் கோடு கீறிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியை நான் தொடமாட்டேன். நீ வைக்கும்போது ஃபெவிக்விக் பக்கத்திலேயே போகாதே, அதன் ஆவி பட்டாலே கண்ணாடி பனி மூடிப் போகும். ஃபெவிகால் போதும். பெயின்ட் இப்போது வேண்டாம். இந்த மழையில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். மழை விடட்டும், அவசரமே இல்லை.

பக்கத்து விங் செல்வம் அண்ணன் மகன் வந்திருந்தான். உங்கள் ஆபீஸில் இரண்டு மாடி காலியாகிவிட்டதாம், பேச்சுவாக்கில் சொன்னான். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அம்மா காதில் விழவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த மாதமும் ஒன்றாம் தேதி பணம் வந்துவிட்டது. போன மாதத்தைவிடக் கூடுதலாக. எதற்கு? எனக்கு வேலை இருக்கிறது, கை நடுங்கவில்லை, இரண்டு பேருக்கு என்ன பெரிய செலவு? அடுத்த மாதம் அனுப்பாதே. கடன் வாங்கி அனுப்புகிற வழக்கம் நம் வீட்டில் யாருக்கும் கிடையாது. உன்னைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே. சித்தி மகள் கல்யாணத்துக்கு வராததைப் பற்றி நான் பேச வரவில்லை, அதை அம்மா பேசுவாள்.

இன்னொரு செய்தி. ஒர்க்‌ஷாப்பில் இன்சூரன்ஸ் எஸ்டிமேட் போடுகிற பையன் ஊருக்குப் போய்விட்டான். கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் கிடைக்கும்வரை சேட் என்னை எழுதச் சொல்கிறார். என் கையெழுத்தை யார் படிப்பது? கொஞ்ச நாளைக்கு யாராவது வந்தால் போதும் என்கிறார். உன்னிடம் சும்மா சொல்லி வைக்கிறேன்.

உத்யான் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்தால் வா. லீவு இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் நான் கேட்கமாட்டேன். பணம் அனுப்பாதே.

இப்படிக்கு,
அப்பா

பி.கு: இன்ஜின் உன் இஷ்டம், 440-ஆ, 426 ஹெமியா? ஹெமி என்றால் பிளக் வயர் வால்வு கவரின் நடுவில் இறங்கும், பக்கத்துக்கு நாலு. துளை போட வேண்டியிருக்கும். எது என்று ஒரு மெசேஜ் போடு.